ஊர் எல்லையில் கல் குவாரி: உரிமம் நகரும் வழியும், மக்கள் எதிர்க்க வேண்டிய இடமும் கெடுவும்

கல் குவாரிக்கு 'உரிமம்' என்று ஊரில் பேசிக்கொள்வது ஒரே ஒரு காகிதம் அல்ல. மாவட்ட ஆட்சியரின் குத்தகை ஆணை ஒன்று, சென்னையிலிருந்து வரும் சுற்றுச்சூழல் அனுமதி ஒன்று, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை ஒன்று. வெடி வைப்பதற்கான அனுமதிகள் தனி. ஒவ்வொன்றையும் வேறு வேறு சட்டத்தின் கீழ் வேறு வேறு அலுவலகம் கொடுக்கிறது. அதனால் ஒவ்வொன்றையும் எதிர்க்கும் இடமும் வேறு, கெடுவும் வேறு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயமான ஆட்சேபணைகள் பல வீணாவது, சரியான விஷயத்தைத் தவறான அலுவலகத்தில் கொடுப்பதாலும் கெடு தாண்டிக் கொடுப்பதாலும்தான். இதைத் தவிர்க்க, விண்ணப்பம் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் கல், யாருடைய நிலம்

ஜல்லி, எம்-சாண்டுக்காக உடைக்கும் சாதாரணக் கல்லும், பாளமாக அறுத்து ஏற்றுமதி செய்யும் கிரானைட்டும் ஒரே மலையில் இருந்தாலும் சட்டத்தில் வேறு வேறு. இரண்டுமே தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-க்குள் வருபவைதான். புறம்போக்கில் உள்ள சாதாரணக் கல்லுக்கு 8-ஆம் விதிப்படி டெண்டரும் ஏலமும் சேர்ந்து நடக்கும். பட்டா நிலத்தில் என்றால் 19-ஆம் விதி. நில உரிமையாளரோ அவரிடம் சம்மதம் பெற்றவரோ விண்ணப்பிப்பார். இரண்டிலும் குத்தகை கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். காலம் வழக்கமாக 5 அல்லது 10 ஆண்டு. பட்டா நிலத்துக் கிரானைட்டுக்கு 19-ஏ விதி. ஆணை மாநில அரசிடமிருந்து வரும், குத்தகைக் காலம் குறைந்தது 20 ஆண்டு. ஆட்சேபணை எழுதும்போது எந்த விதியின் கீழ் வந்த விண்ணப்பம் என்பதை மாற்றி எழுதினால், அந்தக் கடிதத்தைத் தள்ளிவைக்க அதுவே போதுமான காரணமாகிவிடும்.

கீழே சொல்வது பெரும்பாலும் சாதாரணக் கல் குவாரிக்கானது. இந்த இரு மாவட்டங்களிலும் கிராமத்தை ஒட்டி வருவதில் பெரும்பங்கு அதுதான்.

விண்ணப்பம் நகரும் வரிசை

விண்ணப்பம் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் சேரும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகக் கோட்டாட்சியர் அறிக்கை கொடுப்பார். ஓசூர் கோட்டத்தில் அந்த இடத்தில் சார் ஆட்சியர். சுரங்கத்துறையும் தனியாக இடத்தைப் பார்க்கும். இரண்டு அறிக்கையும் சாதகமாக இருந்தால் ஆட்சியர் விண்ணப்பதாரருக்குத் துல்லியப் பரப்புக் கடிதம் அனுப்புவார். எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு பரப்பு, எத்தனை மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும், சுரங்கத் திட்டம் தயாரித்துக் கொடு, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கி வா என்பதே அதன் சாரம். இது குத்தகை அல்ல. இந்தக் கடிதத்தைக் காட்டி 'எங்களுக்குக் கிடைத்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பி ஒதுங்கிவிட வேண்டாம். பாதி வழிதான் வந்திருக்கிறது.

அடுத்து, அங்கீகாரம் பெற்ற தகுதியாளர் ஒருவர் சுரங்கத் திட்டம் தயாரிப்பார். 41-ஆம் விதிப்படி அதற்கு ஒப்புதல் வேண்டும். 42-ஆம் விதிப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இது கைக்கு வந்த பிறகுதான் ஆட்சியர் குத்தகை ஆணை போட்டு, ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய முடியும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் இல்லாமல் கல்லில் கை வைக்கக் கூடாது.

பொதுமக்களுக்கு இந்த வரிசையில் முதல் வாய்ப்பு மாவட்டக் கனிம ஆய்வறிக்கையின் வரைவு. மாவட்ட இணையதளத்தில் 21 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். யாரும் கவனிக்காமல் போவதும் இதுதான். உங்கள் ஊர்க் கரடு 'கல் வளம் உள்ள பகுதி' என்று அதில் ஏறிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அதையே சான்றாகக் காட்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சர்வே எண், உட்பிரிவு எண், கிராமத்தின் வருவாய்ப் பெயர் மூன்றும் இல்லாமல் எதையும் தொடங்க முடியாது. ஊரில் வழங்கும் பெயர் வேறாகவும் வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறாகவும் இருப்பது இங்கே சகஜம். 'எங்கள் ஊர்க் கரட்டில்' என்று எழுதிய மனுவை எந்தக் கோப்போடும் சேர்க்க முடியாது.

'அ' பதிவேட்டு நகலையும் புலப்பட வரைபடத்தையும் அரசின் மின்சேவைத் தளத்திலிருந்தோ தாலுகா அலுவலகத்திலிருந்தோ எடுங்கள். பதிவேட்டில் அந்த எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கல்லாங்குத்து, பாறை, கரடு என்றால் ஒரு கதை. மேய்க்கால், ஓடை, குட்டை, வண்டிப்பாதை என்று இருந்தால் வேறு கதை. அங்கேயே வலுவான ஆட்சேபணை கிடைக்கும். பக்கத்து எண்களையும் விடாமல் பாருங்கள். விண்ணப்ப நிலத்தின் வழியே ஓடும் ஓடைக்குத் தனி எண் இருக்கும். வரைபடத்தில் அது மெல்லிய இரட்டைக் கோடாகத்தான் தெரியும்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டச் சுரங்கத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: விண்ணப்ப நகல், கோட்டாட்சியர் அறிக்கை, சுரங்கத்துறை ஆய்வறிக்கை, துல்லியப் பரப்புக் கடிதம், ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம், 300 மீட்டர் சுற்றளவில் என்னென்ன இருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று, 500 மீட்டர் சுற்றளவில் உள்ள மற்ற குவாரிகளைப் பற்றிச் சுரங்கத்துறை கொடுத்த கடிதம். கடைசி இரண்டும்தான் மிக முக்கியம். ஒரு குவாரியின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு பக்கங்களில் முடிவாகிறது. எதிரே இருக்கும் கோயிலோ பத்து வீடுகளோ அந்தச் சான்றில் விடுபட்டிருந்தால், மேலே உள்ள எந்த அதிகாரியும் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலுக்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

தூரக் கணக்கு

36-ஆம் விதியின் 1-ஏ உட்பிரிவின்படி, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. ஆனால் 'குடியிருப்புப் பகுதி' என்பதற்கு விதியே பொருள் சொல்கிறது: வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தம், நகர நத்தம், வீட்டுமனை என்று இருக்க வேண்டும், அல்லது உள்ளாட்சியோ நகரமைப்புத் துறையோ ஒப்புதல் கொடுத்த மனைப் பிரிவாக இருக்க வேண்டும். வயலில் கட்டிய தோட்டத்து வீடு இந்தப் பொருளுக்குள் வராது என்று விண்ணப்பதாரர் வாதிடுவார். கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகள்தான் அதிகம் என்பதால் இந்த வாதம் இங்கே அடிக்கடி எழும்.

இதற்கு இரண்டு வேலை செய்யலாம். நத்தத்தின் எல்லை வீடுகள் நிற்கும் இடத்தோடு முடிவதில்லை. காலியாகக் கிடக்கும் நத்தம் புறம்போக்கும் அதில் சேரும். எனவே கடைசி வீட்டிலிருந்து அளக்காமல் நத்தம் சர்வே எண்ணின் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். மறுமுனையிலும், குழி வெட்டப்போகும் இடத்துக்குப் பதிலாகக் குத்தகைப் பரப்பின் ஓரத்தை எடுக்க வேண்டும். இந்த இரண்டு திருத்தத்தில் 340 மீட்டர் என்று சான்றில் இருப்பது 280 ஆகிவிடலாம். இரண்டாவதாக, தோட்டத்து வீடுகளைச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் ஆணையத்தின் முன் வையுங்கள். அந்த ஆணையம் பார்ப்பது மக்கள் மேல் விழும் பாதிப்பு; சலுகை விதியின் சொற்பொருள் அதைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு எண், குடும்ப அட்டை முகவரி, வீட்டின் முன் நின்று எடுத்த படம் என ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்.

அளப்பதற்கு சர்வேயர் வேண்டியதில்லை. சுரங்கத் திட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு எல்லைக் கல்லுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் அட்டவணையாக இருக்கும். அவற்றை கூகுள் எர்த்தில் ஒவ்வொன்றாகப் பதித்து இணைத்தால் குத்தகைப் பரப்பு கோடாக விழும். அதன் ஓரத்திலிருந்து நத்தத்தின் ஓரத்துக்கு அளவுகோல் கருவியை இழுத்தால் மீட்டர் கிடைக்கும். அந்தத் திரையை அச்செடுத்து, கீழே எந்தக் கல்லிலிருந்து எந்த சர்வே எண்ணுக்கு அளந்தது என்று எழுதுங்கள். நீதிமன்றம் இதையே இறுதி அளவாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் மறு அளவைக்கு உத்தரவிட இது போதும்.

மற்ற தூரங்கள்: ரயில் பாதை, நீர்த்தேக்கம், கால்வாய், பொதுச்சாலை, பொதுக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர், கிராமச் சாலையிலிருந்து 10 மீட்டர். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டரும் அரசு நிலத்துக்கு 10 மீட்டரும் வெட்டாமல் விட வேண்டும் என்று துல்லியப் பரப்புக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கும்.

காடு பற்றி ஒரு எச்சரிக்கை. 2021 நவம்பரில் வந்த திருத்தம், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை நீக்கிவிட்டார்கள். பழைய செய்தியை வைத்து 'காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர்' என்று எழுதும் மனுக்கள் இன்னமும் வருகின்றன, அவை நிற்காது. சரணாலயம் வேறு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்தில் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களின் எல்லை எங்கே ஓடுகிறது என்று வனக்கோட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சரணாலய எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரல் 26 அன்று வந்த உத்தரவில் உறுதி செய்திருக்கிறது.

5 ஹெக்டேர் கேள்வி

மக்களைக் கேட்காமலேயே பல குவாரிகள் வந்துவிடுவதன் காரணம் இங்கே இருக்கிறது. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரி 'பி2' வகை. அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. 5 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 12 ஏக்கர் 35 சென்ட். சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று சொன்னது. அதன் பிறகு அனுமதி வாங்காமல் யாரும் தப்ப முடியாது. ஆனால் கூட்டம் நடத்தாமல் தப்பலாம். பெரிய மலையை 4.50 ஹெக்டேர், 4.80 ஹெக்டேர் என்று துண்டு துண்டாகக் கேட்பது அதற்காகத்தான்.

இதைத் தடுக்கவே தொகுப்பு விதி வந்தது. ஒரு குத்தகையின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் அதே வகைக் கனிமத்துக்கு வேறு குத்தகைகள் இருந்தால் எல்லாப் பரப்பையும் கூட்ட வேண்டும். கூட்டினால் 5 ஹெக்டேரைத் தாண்டுகிறதென்றால் எல்லாமே 'பி1'. முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக் கேட்பும் கட்டாயம். புதிய விண்ணப்பம் 2.80.0 ஹெக்டேர், வடக்கே ஓடும் குவாரி 1.95.0, கிழக்கே முன்மொழிவில் இருப்பது 1.50.0 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6.25.0. கூட்டம் நடந்தே ஆக வேண்டும். சுரங்கத்துறையின் 500 மீட்டர் கடிதத்தில் கிழக்கே உள்ளது விடுபட்டால் 4.75.0 ஆகிவிடும், கூட்டம் இல்லை. அந்தக் கடிதத்தை வரிக்கு வரி சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். மூன்று ஆண்டுக்கு மேல் இயங்காத குத்தகைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதிவிலக்கு உண்டு. அதனால் 'அந்தக் குவாரி நின்றுவிட்டது' என்று சொல்லப்பட்டால், அது எப்போது வரை நடைச்சீட்டு (கல் ஏற்றிச் செல்லும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு) வாங்கியது என்று தகவல் மனுவில் கேளுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். அதைப் பரிசீலிப்பது மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு. ஆணை போடுவது சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். தளத்தில் மாநிலம், மாவட்டம், கிராமப் பெயர் போட்டுத் தேடினால் முன்மொழிவு எண் கிடைக்கும். கிராமப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும். கிடைக்கவில்லையென்றால் வேறு விதமாகவும் தேடுங்கள். பி2 வகையில் கூட்டம் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கும் குழுவுக்கும் பதிவுத் தபாலில் எழுதலாம். குழு கூடும் முன் போய்ச் சேர வேண்டும். கூட்ட நிரல் தளத்திலேயே வரும்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

நடத்துவது தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓசூரிலும், தருமபுரிக்குத் தருமபுரியிலும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருக்கிறார். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் தகுதிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. தேசிய நாளிதழ் ஒன்றிலும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வந்து குறைந்தது 30 நாள் கழித்துத்தான் கூட்டம் நடக்க வேண்டும். விளம்பரம் வந்த நாளிதழின் முழுப் பக்கத்தையும் தேதி தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். 30 நாளுக்கு ஒரு நாள் குறைந்தாலும் அது மேல்முறையீட்டில் பயன்படும்.

அந்த 30 நாளில் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், வாரிய அலுவலகம் ஆகியவற்றில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்று சொன்னால், 'இந்தத் தேதியில் இந்த நேரத்தில் வந்தோம், அறிக்கை பார்வைக்கு வைக்கப்படவில்லை' என்று அன்றே எழுதிக் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள்.

அறிக்கையில் எல்லாப் பக்கமும் படிக்க முடியாவிட்டாலும் நான்கைந்தைத் தவறவிடாதீர்கள். அருகிலுள்ள நீர்நிலைகள் பட்டியலில் உங்கள் ஏரி, ஓடை, குட்டை எல்லாம் இருக்கின்றனவா? கிணறு, போர்வெல் நீர்மட்டத்தை எந்த மாதத்தில், எந்த ஊரில் அளந்தார்கள்? குழியின் இறுதி ஆழம் எத்தனை மீட்டர், நிலத்தடி நீர் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது? லாரி போகும் பாதை ஊராட்சிச் சாலையா, பட்டா நிலத்து வண்டிப்பாதையா? பயிர் விவரத்தில் என்ன இருக்கிறது? வேறு மாவட்ட அறிக்கையிலிருந்து பெயர் மாற்றி ஒட்டிய பத்திகள் இங்கேதான் பிடிபடும். அறிக்கையில் 'மானாவாரி, புதர்' என்றிருக்கும். நேரில் போனால் மாந்தோப்பும் மல்பெரியும் இருக்கும்.

பயிர்ப் பாதிப்பை இந்த மாவட்டங்களில் குறிப்பாகச் சொல்ல முடியும் என்பது ஒரு பலம். மா பூக்கும் தை, மாசி மாதங்களில் கல்தூள் பூங்கொத்தில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும். மல்பெரி இலையில் தூள் படிந்தால் பட்டுப்புழு சரியாகத் தின்னாது. புழு வளர்க்கும் மனையில் ஒரு பருவமே வீணாகலாம். எத்தனை ஏக்கர் மல்பெரி, எத்தனை குடும்பம், பட்டு வளர்ச்சித் துறைப் பதிவு எண் என்ன, குவாரி ஓரத்திலிருந்து தோட்டம் எத்தனை மீட்டர் என்று ஒரு பக்க அட்டவணை கொடுத்தால், 'சுற்றுச்சூழல் பாதிக்கும்' என்று ஆயிரம் கையெழுத்துப் போட்ட மனுவை விட அது அதிகம் பேசும். நடுகல், கல்திட்டை, பழங்காலக் குறியீடுள்ள பாறை ஏதும் அந்தக் கரட்டில் இருந்தால் இடக்குறியீட்டோடு படம் எடுத்து, தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டு, அதைக் கூட்டத்தில் கொடுங்கள். கிருஷ்ணகிரி மண்ணில் இவை அபூர்வமில்லை. அறிக்கையில் 'எதுவும் இல்லை' என்றிருக்கும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நான்கு பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். எனவே புறக்கணிப்பது பயன் தராது. புறக்கணித்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் 'ஆட்சேபணை இல்லை' என்றுதான் பதிவாகும். பேசுவதை ஆளுக்கு ஒரு பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தூரம், ஒருவர் நீர், ஒருவர் சாலையும் பள்ளிக்கூடமும், ஒருவர் பயிர். ஒவ்வொருவரும் பேசியதையே எழுத்திலும் இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் தங்கள் மொழியிலேயே பேசட்டும். எழுத்து மட்டும் தமிழில் இருக்கட்டும்.

கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தலைமை வகித்தவர் கையெழுத்திட வேண்டும். வாசிக்காமல் கலைத்தால் அதையும் அன்றே எழுதிக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது தாளின் தலைப்பைப் படியுங்கள்; தலைப்பில்லாத வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

கிராம சபைத் தீர்மானம் குவாரியைத் தானாக நிறுத்திவிடாது. இருந்தாலும் தீர்மானம் இருப்பதற்கும் இல்லாததற்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வேறுபாடு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் எது முதலில் வருகிறதோ அதில் சர்வே எண்ணோடு தீர்மானம் போட்டு, சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால்

இங்கே நாள் எண்ண வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-ன் 16-ஆம் பிரிவின்படி, ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். 90 நாள் முடிந்தால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே இல்லை. ஜூன் 10-இல் ஆணை வெளியானால் 30-ஆம் நாள் ஜூலை 10, 90-ஆம் நாள் செப்டம்பர் 8.

'தெரிவிக்கப்பட்ட நாள்' எது என்பதில்தான் சண்டை வரும். அனுமதி பெற்றவர் 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று தமிழ். ஆணை நகலை ஊராட்சிக்கும் கொடுக்க வேண்டும், ஊராட்சி அதை 30 நாள் பலகையில் ஒட்ட வேண்டும். இவற்றில் பின்னால் நடந்ததை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பரிவேஷ் தளத்தில் ஆணை ஏறிய நாளையே தொடக்கமாக எடுத்துக்கொண்டால் எந்த வாதத்திலும் தப்பிக்கலாம். வாரம் ஒருமுறை அந்த முன்மொழிவு எண்ணைத் திறந்து பார்க்க ஊரில் ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

தகவல் மனுவின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். தகவல் தர 30 நாள், மேல்முறையீட்டுக் கெடுவும் 30 நாள். ஆணையைத் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டு மேல்முறையீடு செய்துவிடுங்கள். மற்ற ஆவணங்களைப் பிறகு கூடுதலாகச் சேர்க்கலாம். அதேபோல் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு, முதல்வர் தனிப்பிரிவுப் புகார் எதுவும் இந்தக் கெடுவை நிறுத்தாது. ஆட்சியர் 'பார்க்கிறேன்' என்று சொல்லி, மனு எண்ணும் கையில் கிடைத்து, அதையே நம்பி மூன்று மாதம் போய்விட்ட ஊர்கள் இருக்கின்றன.

மேல்முறையீடு சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வில். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஆனால் நடவடிக்கை ஆங்கிலத்தில் நடக்கும், தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதால் வழக்கறிஞர் இருப்பது நல்லது. கிருஷ்ணகிரி, தருமபுரி நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் அந்த உரிமை உண்டு. எனவே மனுதாரர்களில் ஒரு பெண் விவசாயி இருப்பது நடைமுறையில் உதவும்.

மனுவில் நிற்கக்கூடிய காரணங்கள்: தொகுப்புக் கணக்கில் குவாரி விடுபட்டது, கருத்துக் கேட்பு நடைமுறை மீறப்பட்டது, மக்கள் எழுப்பிய கேள்விகளுக்குக் குழுவின் குறிப்பில் பதிலே இல்லாதது, அறிக்கையில் நீர்நிலையோ குடியிருப்போ மறைக்கப்பட்டது. வேண்டுமென்றே தவறான தகவல் தந்தால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. இடைக்காலத் தடை வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு. நாள் தாண்டியிருந்தால் தாமத மன்னிப்புக்கும் தனி மனு. அதில் ஒவ்வொரு வாரமும் என்ன நடந்தது என்று தேதியோடு எழுதுங்கள். தீர்ப்பு பாதகமானால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம்.

குத்தகை ஆணையை எதிர்ப்பது

தீர்ப்பாயத்துக்கு ஏழு சட்டங்கள் மேல்தான் அதிகாரம். கனிமச் சட்டம் அவற்றில் இல்லை. ஆகவே '300 மீட்டர் விதி மீறப்பட்டது, குத்தகையை ரத்து செய்' என்று மட்டும் அங்கே கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'அந்தக் குடியிருப்பைக் கணக்கில் எடுக்காமல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது தவறு' என்று கேட்டால் விசாரிப்பார்கள். உண்மை ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு.

ஆட்சியரின் குத்தகை ஆணையை எதிர்க்க, சலுகை விதிகளின் 36-சி விதிப்படி கிண்டியிலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. இதைச் செய்யாமல் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், 'மேல்முறையீட்டு வழி இருக்கிறதே' என்ற கேள்விதான் முதலில் வரும். அப்பட்டமான அதிகார மீறல் இருந்தாலோ, ஆணையர் விசாரிக்காமல் இழுத்தடித்தாலோ உயர் நீதிமன்றம் தலையிடும். குத்தகையும் அனுமதியும் இரண்டுமே வந்துவிட்டிருந்தால், இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் போக வேண்டும். ஒன்றில் போட்டது மற்றதன் கெடுவைக் காப்பாற்றாது.

குவாரி ஓடத் தொடங்கிய பிறகு

வெடிச் சத்தம் கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 500 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் சுவர், தரை, மேல்தளம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் போர்வெல்லிலும் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். இது இல்லாவிட்டால் விரிசல் 'பழையது' ஆகிவிடும், வறட்சி 'மழை இல்லாததால்' ஆகிவிடும். புதிய விரிசல் விழுந்தால் அதன் குறுக்கே சிறு சிமெண்ட் பட்டை பூசித் தேதி எழுதி வையுங்கள். அடுத்தடுத்த வெடியில் பட்டை வெடித்தால் அதுவே சாட்சி. கல் பறந்து வந்து விழுந்தால் எடுத்து வைக்காமல் விழுந்த இடத்திலேயே வைத்து அளவுகோலோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்து மகசர் (சாட்சிகளோடு எழுதும் இடப் பார்வைக் குறிப்பு) எழுத வையுங்கள்.

அதிர்வுக்கு அளவு உண்டு. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, குறைந்த அலைவெண்ணில் நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வரம்பு வைத்திருக்கிறது. அளவீடு கேட்டு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். வெடி, படிக்கட்டு போல் வெட்டாமல் செங்குத்தாக வெட்டுவது, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவை அந்த இயக்குநரகத்தின் பொறுப்பு. தூசும் இரைச்சலும் மாசு கட்டுப்பாட்டு வாரியம். எல்லை தாண்டி வெட்டுவதும் நடைச்சீட்டு இல்லாத டிப்பரும் சுரங்கத்துறையும் வட்டாட்சியரும். கிரஷருக்கு இசைவாணையும் தூர நிபந்தனையும் குவாரியிலிருந்து தனி; இரண்டுக்கும் ஒரே மனு எழுதாதீர்கள்.

அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வாங்கி, நேரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்: வேலி, மரக்கன்று, தண்ணீர் தெளிப்பு, சுற்று வடிகால். பொய்யாக எழுதியிருந்தால் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போடலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். வீடு, கிணறு, பயிர் இழப்புக்கு இழப்பீடு கேட்பது 15-ஆம் பிரிவு. அதற்கு 5 ஆண்டு அவகாசம்.

குத்தகைக் காலம் முடிந்ததும் அதே இடத்துக்குப் புதிய விண்ணப்பம் வரலாம். அப்போது முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கும். பழைய குழியின் ஆழம், வேலி போட்டாரா இல்லையா, அபராதம் கட்டினாரா என்பதெல்லாம் புதிய ஆட்சேபணையில் இடம்பெற வேண்டும். நீர்மட்ட நோட்டையும் மகசர் நகல்களையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தொகுப்பும், வேறு ஒருவர் வீட்டில் இன்னொரு தொகுப்புமாக வைத்திருங்கள்.